சாசனம் கொடுத்த அதிகாரமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் நீதிப்புனராய்வு அதிகாரம் அமெரிக்க அரசியல் சாசனத்தில் எழுதப்படவே இல்லை, 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தாமாக அதை எடுத்துக்கொண்டார் என்று அடித்துச் சொன்னார் எதிரணி நண்பர். அந்தச் சொல் சாசனத்தில் இல்லைதான். அதிகாரமும் இல்லை என்பதை ஏற்க மாட்டேன்.

அவர் காட்டிய அந்த 1803ஆம் ஆண்டு மார்பரி வழக்கையே பார்ப்போம். பதவி முடியும் தறுவாயில் அதிபர் ஆடம்ஸ், வில்லியம் மார்பரியைச் சிறு வழக்குகளைக் கவனிக்கும் சமாதான நீதிபதியாக நியமித்தார். ஆணையில் கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது, அதை வைத்தவர் அப்போது வெளியுறவு அமைச்சராகவும் இருந்த இதே மார்ஷல். ஆணை மட்டும் கைக்கு வந்து சேரவில்லை. புதிய அதிபர் ஜெஃபர்சனின் அரசு அதைத் தர மறுத்தது. ஆணையைத் தரும்படி அரசுக்குக் கட்டளையிடும் செயலுறுத்தும் நீதிப்பேராணையை மார்பரி நேரே உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது என்றே மார்ஷலும் பொருள் கொண்டார். ஆனால், இவ்வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தைச் சாசனம் உச்ச நீதிமன்றத்துக்குத் தரவில்லை, சாசனம் தராததைச் சட்டம் தந்தால் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தார். நாடாளுமன்றம் நீட்டிய அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளிய நீதிமன்றத்தையா அபகரித்தது என்கிறீர்கள்?

1803 ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று மாநிலங்கள் விவாதித்த 1788லேயே, சாசனத்துக்கு முரணான சட்டத்தை நீதிமன்றங்கள் செல்லாததாக்க வேண்டும் என்று, சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதினார். அதே ஆண்டு வர்ஜீனியா மாநாட்டில், அன்று வெறும் உறுப்பினராக இருந்த மார்ஷலும் அதையே பேசினார். எதையும் மறைக்காமல் சபையில் சொன்னார்கள். கேட்ட பிறகுதான் வர்ஜீனியா சாசனத்தை ஏற்றது.

இந்த அதிகாரத்தால் விளைந்த கேடு என்று உச்ச நீதிமன்றத்தின் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை நண்பர் நினைவூட்டினார். கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற அந்த 1857ஆம் ஆண்டுத் தீர்ப்பை நானும் வெறுக்கிறேன். அது அதிகாரத்தைக் கையாண்டவர்களின் குற்றம். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா இன்றைய வழக்கு?

இன்னொன்று. குதிரை வண்டிகள் மீதான வரி சாசனப்படி செல்லுமா என்ற ஹில்டன் வழக்கு 1796இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வரியை ஆதரித்து வாதாடியவர் ஹாமில்டன். நீதிபதிகள் சட்டத்தைச் சாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, செல்லும் என்றார்கள். அப்போது மார்ஷல் நீதிபதியே அல்ல. அதிகாரமே இல்லாத நீதிமன்றம் அன்று எதை ஆராய்ந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு 1803க்கு வரட்டும்.