குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு ஹிட் பாட்டு

கொஞ்சம் இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். ம், இப்போது தெரிகிறதா? ஏழு அங்குல இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரே பாட்டு. ரிக்கி நெல்சன் என்ற பெயர் பெரிசாக இருக்கிறது, பாட்டின் பெயர் 'டிராவலின் மேன்'. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு பெயர் தெரிகிறது பாருங்கள், ஜெர்ரி ஃபுல்லர். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நானே படித்தேன். இன்றைக்குப் பேசப் போவது இந்தப் பொடி எழுத்து ஆட்களை, அதாவது பாட்டு எழுதியவர்களைப் பற்றி.

பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு மிக்ஸி. மன்னிக்கவும், இட்லி மாவோ சட்னியோ, ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும்.

பாடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்பது நமக்குப் புதிதே இல்லை. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே படம் இருக்கும், காட்சி இருக்கும், பெரும்பாலும் மெட்டும் தயாராக இருக்கும், அப்புறம்தான் பாடலாசிரியரைக் கூப்பிடுவார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்க பாப் உலகில் பாட்டு எழுதிய இளைஞர்களை யாரும் கூப்பிடவில்லை. வரிகளும் மெட்டும் அவர்களே போட்டு, கையில் இருக்கும் காசில் மாதிரிக்கு ஒரு டெமோ பதிவு செய்து, அதை யார் தலையிலாவது கட்டுவதற்கு அலைய வேண்டும். அப்படி அலைந்தவர்களில் நிறையப் பேர் குறிவைத்த தலை, இந்த ரிக்கி நெல்சனின் தலை.

ஏன் அவர்? அப்பா ஆஸி, அம்மா ஹாரியட். குடும்பமே தங்கள் சொந்தப் பெயரில் நடித்த தொலைக்காட்சித் தொடர் 1952 முதல் 1966 வரை ஏபிசியில் ஓடியது. வீட்டின் கடைக்குட்டி ரிக்கி 1957இல், 16 வயதில், அந்தத் தொடரிலேயே பாட ஆரம்பித்தார். யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடப் பெண்கள் உருகுகிற முகம், வாரம் தவறாமல் அவர்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்து, கதை முடிந்ததும் ஒரு பாட்டையும் பாடிவிட்டுப் போகிறது. மற்ற பாடகர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்ய வேண்டிய விளம்பரம், இவருக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. அவர் வாய்க்குள் உங்கள் பாட்டு போய்விட்டால் போதும். ஆனால் எப்படிப் போகும்?

பர்னெட் சகோதரர்களைக் கேளுங்கள். ஜானி, டோர்சி. மெம்ஃபிஸ்காரர்கள், இரண்டு பேருமே குத்துச்சண்டை போட்டவர்கள். சொந்த இசைக்குழு சரியாகப் போகவில்லை என்று லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார்கள். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நடிகர்களின் வீடு எது எது என்று காட்டும் வரைபடம் விற்பார்கள். அதைப் பார்த்து நெல்சன் வீட்டைக் கண்டுபிடித்து, நேரே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ரிக்கி வந்து பாட்டைக் கேட்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. இந்தக் காலத்தில் செய்தால் செக்யூரிட்டி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். அன்றைக்கு ரிக்கி கேட்டார், பிடித்துப்போய்ப் பாடவும் செய்தார். 'பிலீவ் வாட் யூ சே' 1958இல் ஹிட் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அடுத்த வருஷம் டோர்சி எழுதிய 'இட்ஸ் லேட்' பாட்டும் அப்படியே.

இதில் ஒரு வேடிக்கை. ஜானி பர்னெட் அப்புறம் தானே பாடகராகப் பேர் வாங்கினார். 1960இல் 'யூ ஆர் சிக்ஸ்டீன்' என்ற பாட்டு அவரை எட்டாம் இடத்துக்குக் கொண்டு போனது. அதை எழுதியது அவர் இல்லை, ஷெர்மன் சகோதரர்கள்! ஊருக்கெல்லாம் பாட்டுக் கொடுத்தவருக்கு இரவல் பாட்டுதான் கைகொடுத்திருக்கிறது.

அடுத்து ஷாரன் ஷீலி. எனக்கு ரொம்பப் பிடித்தது இவருடைய கதைதான். பதினெட்டு வயசுப் பெண். ஒரு பிரபல பாடகரோடு இருந்த கொஞ்ச நாள் பழக்கம் முறிந்த கோபத்தில் ஒரு பாட்டு எழுதினார். அதை எடுத்துக்கொண்டு ரிக்கி வீட்டுப் பக்கம் காரை ஓட்டிப் போய், சரியாக அவர் வீட்டருகே கார் 'பழுதாகிவிட்டது'. உதவிக்கு வந்த பையனிடம் பேச்சோடு பேச்சாகப் பாட்டை நீட்டிவிட்டார். நம்புகிறீர்களோ இல்லையோ, பல வருஷமாகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு நம்ப ஆசை.

அந்தப் பாட்டுதான் 'புவர் லிட்டில் ஃபூல்'. ஷீலி எழுதியது இன்னும் வேகமாக இருந்ததாம், ரிக்கி அதை நிதானமாக்கிப் பாடினார். பாடிய பிறகும் அவருக்கு அதில் மனசு ஒட்டவில்லை. தனித்தட்டாக வெளியிட வேண்டாம் என்றார். கம்பெனி கேட்கவில்லை. கோபத்தில், தட்டின் உறைக்குப் போட வேண்டிய தன் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமலே இருந்துவிட்டார். முகத்துக்காகவே தட்டு விற்கிற ஆளின் தட்டு, முகம் இல்லாத உறையில் கடைக்கு வந்தது. நடந்தது என்ன? பில்போர்டு பத்திரிகை ஹாட் 100 என்ற பட்டியலை முதல்முதலாக வெளியிட்டது 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழில். அந்த முதல் பட்டியலின் முதல் இடத்தில் இந்தப் பாட்டுதான் இருந்தது. முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று கிண்டல் செய்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, கையில் இருக்கிற தட்டுக்கு வருவோம். ஜெர்ரி ஃபுல்லர் ஒரு நாள் மனைவியை அழைத்துப் போக வந்தவர், ஹாலிவுட்டில் ஒரு பூங்காவில் காத்துக்கொண்டிருக்கிறார். கையில் உலக வரைபடப் புத்தகம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஊர் ஊராக எழுதிக்கொண்டே போனார். மெக்சிகோ, அலாஸ்கா, பெர்லின், ஹாங்காங், ஹவாய். ஊருக்கு ஒரு காதலி. இன்றைக்கு எழுதியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார், அது வேறு விஷயம்.

எழுதும்போது அவர் மனசில் இருந்த குரல் ரிக்கி இல்லை, பாடகர் சாம் குக். டெமோவை சாம் குக்கின் ஆளான ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். அவர் போட்டுக் கேட்டார், பிடிக்கவில்லை, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அடுத்த அறையில் இருந்தவர் ஜோ ஆஸ்பார்ன், ரிக்கி குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். சுவர் வழியே பாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து வந்து, இப்போது போட்டீர்களே, அது என்ன என்று கேட்டாராம். தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சுவர் வழியே எனக்கு மிக்ஸி கேட்கிறது, அவருக்கு நம்பர் ஒன் பாட்டு கேட்டிருக்கிறது. எல்லாம் ஜாதகம்.

1961இல் முதல் இடம். அப்பா ஆஸி தொடரில் இதை எப்படிக் காட்டினார் தெரியுமா? மகன் பாடப் பாட, அந்தந்த ஊர்க் காட்சிகளை மேலே ஓட்டினார். மியூசிக் வீடியோவின் முன்னோடி என்று இதை அடிக்கடி சொல்வார்கள்.

இப்போது தட்டைத் திருப்புகிறேன். 'ஹலோ மேரி லூ'. எழுதியவர் ஜீன் பிட்னி, இவரும் ரிக்கி வயசுப் பையன்தான். பாபி வீ பாடிய 'ரப்பர் பால்' பாட்டையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர் இவரே. அதில் பிட்னி என்ற பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைப் போட்டுக்கொண்டார். பொடி எழுத்திலும் ஒளிந்துகொண்ட மனுஷன்!

காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கமென்ட்டில் அதைத்தான் கேட்பீர்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, தட்டு ஒன்று விற்றால் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட். 1909இல் வைத்த விலை, 1978 வரை மாறவே இல்லை. வழக்கமாக அதில் பாதி பதிப்பாளருக்கு, அதாவது பாட்டின் உரிமையைக் கையாளும் கம்பெனிக்கு, பாதி எழுதியவருக்கு. 10 லட்சம் தட்டு போனால் எழுதியவர் கைக்கு 10,000 டாலர். இதில் அழகு என்னவென்றால், மறுபக்கப் பாட்டுக்கும் அதே 2 சென்ட்தான். மக்கள் ஒரு பக்கத்துக்காக வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் காசு. 'ஹலோ மேரி லூ' சும்மா ஒட்டிக்கொண்டு போகவில்லை, அதுவும் 9ஆம் இடம் வரை வந்தது. ஒட்டிக்கொண்டு போயிருந்தாலும் பிட்னிக்கு நஷ்டமில்லை.

இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இன்றும் அப்படித்தான். அதனால்தான் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைச் சுற்றியிருந்தவர்கள் கெட்டிக்காரத்தனமாக, பாட்டின் உரிமையில் பங்கு கொடுத்தால்தான் பதிவு என்று வைத்திருந்தார்கள். ஓடிஸ் பிளாக்வெல் எழுதிய 'டோன்ட் பி க்ரூயல்' தட்டில் எல்விஸ் பெயரும் எழுதியவராக இருக்கும். முழு ரொட்டி வீட்டில் காய்வதற்கு, எல்விஸ் கடித்த பாதி ரொட்டி மேல் என்று பிளாக்வெல் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். நானாக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

நானும் இந்த வேலையைச் செய்து பார்த்தவன். மூன்று வருஷம் முன்னால் ஒரு பாட்டு எழுதி, இந்த அறையிலேயே, அதோ அந்த மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து டெமோ எடுத்தேன். இளசுகளுக்குப் பிடித்த ஒரு பாடகருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து அவர் ஸ்டேட்டஸில் நாய்க்குட்டி படம் போட்டார். வாசற்படியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அவர் இருப்பது பதினான்காவது மாடி.

மிக்ஸி நின்றுவிட்டது. தட்டை மறுபடி திருப்பி 'டிராவலின் மேன்' போடுகிறேன். ஊசி இறங்குகிறது... சத்தத்தை ம்யூட் செய்துவிட்டேன், திட்டாதீர்கள். இரண்டரை நிமிஷம்கூட இல்லாத பாட்டுதான், ஆனால் ஒலிக்க விட்டால் யூடியூப் இந்த வீடியோவின் வருமானத்தைப் பாட்டின் உரிமைக்காரர்கள் பக்கம் அனுப்பிவிடும். அதில் ஒரு துளி, எழுதிய ஃபுல்லரின் பங்காகப் போய்ச் சேரும். சேரட்டும், ஆனால் இந்த மாசம் எனக்குக் கரண்ட் பில் இருக்கிறது. சுற்றுவதை மட்டும் பாருங்கள்.