லோகோவோடு நின்றுபோகும் கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "திறந்தா லைட் எரியுது தம்பி, அப்புறம் அப்படியே நின்னுடுது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. "என்னவோ நிக்குது, ஃபார்மேட் பண்ணிக் கொடுங்க" என்பார்கள். ஃபார்மேட் செய்வது, அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது, எங்களுக்குச் சுலபம், காசும் வரும். ஆனால் பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது.

பவர் பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் உடனே வந்துவிடுவதில்லை. முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள் எழுந்து மெமரி, டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். திரையில் கம்பெனி லோகோ தெரிவது அப்போதுதான். அதன் பிறகுதான் விண்டோஸ் ஏற ஆரம்பிக்கும், லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். புள்ளி வருவதற்கு முன்பே நின்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பாகங்களில் கோளாறு. புள்ளி சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது பாஸ்வேர்டு போட்ட பிறகு திரை உறைந்தால், பெரும்பாலும் விண்டோஸ், டிரைவர் (பாகங்களை இயக்க உதவும் மென்பொருள்), இல்லையென்றால் டிஸ்க்கில்தான் கோளாறு.

லோகோவிலேயே நிற்கிறதா? பின்னால் செருகியிருக்கும் பென்டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், மறந்துபோன ஒரு பென்டிரைவால் கடை வரைக்கும் வந்த கம்ப்யூட்டர்கள் உண்டு.

அடுத்தது மெமரி, அதாவது உள்ளே செருகியிருக்கும் ரேம் கார்டு. நம் ஊர் ஈரக்காற்று சும்மா விடாது. மேசைக் கம்ப்யூட்டர் பலருக்கு ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கேசிங்கைத் திறந்தால் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறியில் கறுப்புப் பஞ்சாக அப்பியிருக்கும். சில நேரம் மெமரி கார்டுக்கு அடியில் எறும்பு முட்டை வைத்திருக்கும். கார்டைக் கழற்றிப் பார்த்தால், தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய பற்கள் மங்கிப்போய்த் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, 'கிளிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்திப் பொருத்தினால் பல கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும். இரண்டு கார்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், கெட்டது எது என்று தெரிந்துவிடும். தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டு, கேசிங்கின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இனி புள்ளி சுற்றுகிற கதை. அவசரப்பட வேண்டாம். டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்டேட் ஓடுகிறது என்று திரையில் எழுத்து இருந்தால் கையை வைக்காதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி திறந்து, புள்ளி சுற்றத் தொடங்கியதும் அதேபோல் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸே பயந்துபோய் ரிப்பேர் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு திறக்கும் முறை அது. அதில் ஒழுங்காகத் திறந்தால், பெரும்பாலும் கடைசியாக ஏற்றிய மென்பொருளோ டிரைவரோதான் குற்றவாளி. அதை நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

டிரைவர் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி தன் டிரைவருக்கு அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட் ஃபைலால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் திறக்க முடியாமல் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பல இடங்களில் அதைச் சரிசெய்ததும் இதே சேஃப் மோடில் போய், அந்த ஃபைலை அழித்துத்தான்.

சேஃப் மோடிலும் ஆமை வேகம், உள்ளே 'டக் டக்' என்று சத்தம் என்றால் ஹார்டு டிஸ்க் விடைபெறப் போகிறது. அப்போது ஸ்கேன், ரிப்பேர் என்று அதைப் போட்டு வதைக்காதீர்கள், உள்ள உயிரும் போய்விடும். கல்யாணப் படங்கள், பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகள், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால், "முதலில் ஃபைலை எடுத்துக் கொடுங்கள், மற்றது பிறகு" என்று சொல்லுங்கள். எத்தனை வெள்ளி ஆகும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பலவற்றில் டிஸ்க்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். ரிப்பேர் திரைக்குள் போகும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், கைப்பேசியிலேயே நுழைந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றினாலும் எங்களால் ஒரு படத்தைக்கூட எடுத்துத் தர முடியாது.