காட்டுத்தீப் புகையும் முதியோர் மூச்சும்

நேயர்களுக்கு வணக்கம். மாசி பிறந்து மலைச்சரிவுகளில் புல் காய்ந்துவிட்டால், கோடைமழை வரும் வரை மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களுக்குத் தீப் பயம்தான். 2023 ஏப்ரலில் கோவை மாவட்டம் ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலைப்பகுதியில் பற்றிய தீயை அணைக்கச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரே வரவேண்டியிருந்தது. தீயைப் பற்றிப் பேசும் அளவுக்குப் புகையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உண்டு. நம் தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். அவ்வளவு நுண்ணியவை என்பதால் அவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கி, ஒரு பகுதி இரத்தத்திலும் கலந்து, மூச்சோடு இதயத்தையும் பாதிக்கின்றன. வயது ஏற ஏற மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்யும் நுண்மயிர்களின் வேகம் குறைகிறது, இருமலுக்கும் வலுவிருப்பதில்லை.

"ஆயுசு பூரா அடுப்புப் பொகையில நின்னவளுக்கு இது என்ன பண்ணிரும்?" என்று கேட்கும் ஆத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு அந்த விறகடுப்புப் புகையே முக்கியக் காரணம் என்பதால், பழகிய நுரையீரல் என்று அவர்கள் நம்புவது உண்மையில் ஏற்கெனவே தேய்ந்துபோன நுரையீரலாகவே பெரும்பாலும் இருக்கிறது.

இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கும்போது புகையும் தரையோடு தங்கிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகே மேலெழும்புகிறது. ஆகவே, புகை சூழ்ந்த நாள்களில் விடியற்காலை நடைப்பயிற்சியை நிறுத்திவிடுவதே நல்லது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது சாம்பலைத் தடுக்குமே தவிர நுண்துகள்களைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசமே வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறுபவர்கள் அதையும் மருத்துவரைக் கேட்டே அணியவேண்டும். ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடுக்கு வழியே புகை இறங்கும் என்பதால், மேலே காரை போட்ட அறை ஒன்று இருந்தால் பெரியவர்களை அங்கே இருக்கவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தியும் சாம்பிராணியும் கொசுவத்தியும் ஏற்றாமல் இருங்கள்.

பம்ப் வைத்துப் பழகினால் விடமுடியாது என்ற பேச்சை நம்பி, மருத்துவர் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரைச் சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். புகைக்காலத்தில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. ஒரு முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். புகை விலகிய பிறகும் சில நாள்கள் இந்தக் கவனம் தேவை.