பச்சையாகிப்போன பட்டை

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். போன வருடம் அம்மாவின் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பட்டையை அதில் நனைத்து எடுத்து 60 நொடி கழித்துப் பார்த்தால், புரதத்துக்கான மஞ்சள் கட்டம் பச்சையாகியிருந்தது. சிறுநீரகத்தில் கோளாறோ என்று வீடே கலங்கிவிட்டது.

அந்தக் கட்டத்தில் இருப்பது டெட்ராபுரோமோபீனால் நீலம் என்ற நிறங்காட்டி, அதாவது அமில அளவுக்கேற்ப நிறம் மாறும் சாயம். கூடவே அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவை (குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-லேயே பிடித்துவைக்கும் தாங்கல் உப்பு. அவ்வளவு அமிலத்தில் சாயம் மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும். ஆல்புமின் புரதம் வந்து சேர்ந்தால் மட்டும், பி.எச். மாறாமலேயே பச்சையாகி, அப்புறம் நீலமாகும். இதற்குப் புரதப் பிழை என்று பெயர். பிழையையே சோதனையாக்கிக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள்!

நேர் மின்சுமை கொண்ட சோப்பு வகைகளும் இதே வேலையைச் செய்யும். எங்கள் ஆய்வகத்தில் சி.டி.ஏ.பி. என்று ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கிராம் கரைத்தாலே அதன் மூலக்கூறுகள் கூட்டம் கூடிவிடும். தண்ணீருக்குப் பயந்த வால்கள் உள்ளே, நேர்சுமைத் தலைகள் வெளியே. இந்த உருண்டைதான் மிசெல். எதிர்சுமை கொண்ட சாயம் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. சாயத்தில் புரோட்டான் என்ற ஹைட்ரஜன் அயனி ஒட்டியிருந்தால் மஞ்சள், கழன்றால் நீலம். அதைக் கழற்றிவிட்டால் சாயத்தின் எதிர்சுமை கூடும், பிடிப்பு இன்னும் இறுகும். அதனால் சட்டென்று கழற்றிவிடுகிறது, நீலமாகிறது. புரோட்டானும் நேர்சுமைதானே, மிசெல் அதை அண்டவிடாது. கரைசலில் பி.எச். மீட்டரை வைத்தால் 3 என்றே காட்டும். சாயம் குடியிருக்கும் மிசெல் விளிம்பில் புரோட்டான் குறைவு, நிலவரமே வேறு! 59 மில்லிவோல்ட் மின்னழுத்தத்துக்கு ஒரு பி.எச். அலகு மாறும் என்பது கணக்கு. மிசெல் பரப்பிலோ மின்னழுத்தம் நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டும்.

மின்சுமையின் குறியைப் பார்த்தே நிறம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லலாம் என்பதை 1934-இல் ஹார்ட்லி என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். ஷாம்புவில் இருக்கும் லாரில் சல்பேட்டுக்குக் குறி எதிர். அமிலத்தில் சிவக்கும் மீதைல் மஞ்சள் என்ற இன்னொரு நிறங்காட்டியை அதில் போட்டால், வெறும் தண்ணீரில் மஞ்சளாக இருக்கும் பி.எச்.சிலேயே சிவந்து நிற்கும்.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். மாதிரி கொண்டுபோன டப்பாவை, தரை துடைக்கும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவியிருந்தோம். அதில் இருப்பதும் நேர்சுமை வகைதான். சரியாக அலசவில்லை. மறுநாள் கடையில் வாங்கிய புது டப்பாவில் கொடுத்தோம். பட்டை மஞ்சளாகவே இருந்தது. அம்மா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "டப்பாவைக் கழுவினது நீதானேடா?"