ஆளும் பணமும் எங்கிருந்து வரும்? அச்சுக்கோப்பு மென்பொருள் பற்றி ஒரு நேயர் கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நானும் இரண்டு நண்பர்களும் தமிழ் நூல்களுக்குப் பக்கம் கட்ட ஒரு திறந்தமூல மென்பொருள் எழுதி வருகிறோம். ஒரு வருடமாகத் தன்னார்வலர்கள் தேவை என்று அறிவிக்கிறோம். முப்பது பேர் வந்தார்கள், ஒருவர்கூட நிலைக்கவில்லை. நிதியை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்."

மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஆளே வரவில்லை என்றால் அது வேறு கதை. முப்பது பேர் வந்திருக்கிறார்களே! வந்தவர்கள் கையில் என்ன வேலையைக் கொடுத்தீர்கள்? அதைக் கேள்வியில் காணோம்.

டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் பிறந்த கதை நம் பழைய நேயர்களுக்கு மனப்பாடம். 1977-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்க்கிறார். பழைய ஈய எழுத்தின் களை போய்விட்டது. ஒளியச்சில் பக்கம் அவலட்சணமாக இருக்கிறது. நூலை ஓரமாக வைத்துவிட்டு மென்பொருள் எழுதக் கிளம்பினார். அடுத்த வருடமே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது.

இதுவரை நான் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அந்தக் கோடையில் மென்பொருள் எப்படி இயங்கவேண்டும் என்று எழுதி, ஃபிராங்க் லியாங், மைக்கேல் பிளாஸ் என்ற இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு அவர் சீனா போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு சிறு பகுதிதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தாமே உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும்தான், பிள்ளைகள் அவ்வளவு செய்ததே பெரிது என்று அவருக்குப் புரிந்தது. தாளில் எழுதாத ஏதோ ஒன்றை நிமிடத்துக்கு நிமிடம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முழுப் பாரத்தையும் தூக்கி ஒருவர் தலையில் வைத்தால் மேதைகளே திணறுவார்கள்.

அதே இருவரும் அடுத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வரி முடிவில் ஒரு சொல்லை எங்கே உடைப்பது? இந்த ஒரே கேள்வியை லியாங் எடுத்துக்கொண்டார். 1983-இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. ஒரு பத்தியை எப்படி வரிகளாகப் பிரிப்பது என்பதை பிளாஸ் எடுத்தார். 1981-இல் கனூத்துடன் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். இரண்டும் இன்றும் தினமும் வேலை செய்கின்றன. டெக்கில் தமிழ்ச் சொற்களை உடைப்பதும் லியாங் கண்ட முறைதான்.

தமிழில் இது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உணர்த்தியவர், மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். நிரலாக்கத்தில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நான் கட்டிய ஒரு நூலின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஒரு வரி 'விள' என்று முடிந்து, அடுத்த வரி 'க்கம்' என்று தொடங்கியிருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் "மெய்யெழுத்து வரிக்குத் தலையா தம்பி?" என்று கேட்டிருந்தார். அந்தப் படத்தை அப்படியே எங்கள் மென்பொருள் திட்டத்தின் பிழைப் பட்டியலில் பதிந்தோம். ஒரு கல்லூரி மாணவி இரண்டே மாலைகளில் சரிசெய்துவிட்டார். அதுவரை அவர் எந்தத் திட்டத்திலும் ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். மெய்ப்புத் திருத்துபவர்களைத் தன்னார்வலர்கள் என்று நாம் எண்ணுவதே இல்லை. எனக்கு அதில் தீராத குறை.

சரி, பணத்துக்கு வருகிறேன். டெக் பயனர் குழுமம் 1980-இல் தொடங்கியது. சந்தாவும் நன்கொடையும் திரட்டித் திட்டங்களுக்குக் கொடுக்கிறது. திறந்தமூல மென்பொருளுக்கு நிரல் எழுதும் புதியவர்களுக்கு உதவித்தொகை தரும் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டமும் 2005 முதல் உண்டு. விண்ணப்பித்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மாற்றங்களுக்கு ஆதரவு வந்தது வேறு வழியில். டெக்கின் ஒரு வடிவமான லுவாடெக்கின் தொடக்க கால வேலைக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது. அங்கே ஒருவருக்கு அரபு நூல்களை உயர்தரமாக அச்சுக்கோக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பக்கம் கட்டும் இன்னொரு திறந்தமூல மென்பொருளான ஸ்கிரைபஸில் முன்பெல்லாம் 'கொ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஓமான் நாட்டுக் குழு ஒன்று அரபு எழுத்துக்காக அதன் அச்சுக்கோப்புப் பகுதியில் வேலை செய்தது. அந்த வேலையால் தமிழுக்கும் விடிந்தது.

இந்த இரண்டு கதையிலும், கனூத் கதையிலும்கூட, முதலில் ஒரு புத்தகமோ பக்கமோ அவசரமாகத் தேவைப்பட்டது. மென்பொருளுக்கு நிதி கேட்டால் கையை விரிப்பவர்கள், தங்கள் நூல் அச்சாகாமல் நிற்கிறது என்றால் பையில் கைவிடுகிறார்கள். நேயரே, உங்கள் கேள்வியில் மென்பொருள் இருக்கிறது, தன்னார்வலர் இருக்கிறார்கள், நிதி இருக்கிறது. புத்தகம் மட்டும் இல்லை. எந்தப் புத்தகத்துக்காக எழுதுகிறீர்கள்? அகராதியா, உரையும் மூலமும் கலந்து வரும் இலக்கண நூலா, கணக்குப் பாடமா? அடிக்குறிப்பு நிறைந்த ஒரு நூலை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் போய், இலவசமாகப் பத்துப் பக்கம் கட்டிக் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் உடைகிறது என்று பாருங்கள். உடைந்த பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள். அந்தப் பெரியவரிடம் காட்டுகிறேன், சிவப்பு மை வைத்திருக்கிறார்.