கணினிக்குள் ஒரு போர்ஷன்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பேனாவும் துண்டுத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் திரையைக் காட்ட வழியில்லை, இரண்டொரு கட்டளைகளை எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இன்னொரு மென்பொருளான லினக்ஸைப் பழக ஆசைப்பட்டு, ஒரு காலத்தில் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கைப் பிரித்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதை நிறுவப் பார்த்தேன். எந்தப் பகுதியை அழிக்கட்டும் என்று கேட்டது. தவறான பகுதியைக் காட்டிவிட்டேன். அக்கா கல்யாணப் படங்கள் அத்தோடு போயின. இன்றைக்கும் அந்தக் கல்யாணப் பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களிடம் விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில், தொடங்குங்கள் என்கிறேன். இருக்கிற வீட்டைத் தடுத்து ஒரு போர்ஷன் விடுவது போலத்தான். குடி வந்தவருக்குத் தனி வாசல், தனி அடுக்களை. ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். கணினியில் அந்தத் தொட்டி, ராம் எனப்படும் நினைவகம். 4 ஜிபி உள்ள கணினியில் விண்டோஸே பாதிக்கு மேல் குடித்துவிடும். மிச்சத்தில் பெரிய குடும்பத்தைக் குடிவைத்தால் இரண்டு வீட்டிலும் குழாய் வறண்டுபோகும். எனவே குடி வருகிறவர் சிக்கனக்காரராக இருக்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. ஒரே பெரிய இயந்திரத்தை ஆளுக்கொன்றாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1960களிலேயே செய்தது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே அறிவித்தது. நமக்கு இன்று அதே வித்தையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

சிக்கனக்காரர் என்று நான் சொல்வது ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை. இன்னொரு வகையான உபுண்டுவின் டெஸ்க்டாப் பதிப்பை இறக்கினால் 5 ஜிபியைத் தாண்டும். ஆல்பைன் தளத்தில் ‘விர்ச்சுவல்’ என்று போட்டிருக்கும் கோப்பு 100 எம்பிகூட வராது. காரணம், பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரல். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் ஏற்பாடு ஒற்றை ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டுமென்று 1995-இல் புரூஸ் பெரென்ஸ் அதைத் தொடங்கினார். பட்டியல் காட்டுவது, நகலெடுப்பது, அழிப்பது என நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கும் பின்னால் இருப்பது அந்த ஒரு கோப்புதான். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

சரி, குடிவைப்போம். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய இயந்திரம், வகை லினக்ஸ், 64 பிட். நினைவகம் 512 எம்பி கொடுங்கள், தாராளம். வட்டு 8 ஜிபி என்று போட்டாலும் பயமில்லை, எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். இறக்கிவைத்த ஆல்பைன் ஐஎஸ்ஓ கோப்பை நிறுவல் வட்டாகக் காட்டிவிட்டு இயக்குங்கள். இயந்திரம் கிளம்ப மறுத்து விடி-எக்ஸ் என்று ஏதோ முணுமுணுத்தால், கணினியின் பயாஸ் அமைப்பில், அதாவது கணினி கிளம்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கத்தில், விர்ச்சுவல் மெஷினுக்கு உதவும் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். இயக்கிவிட்டு வாருங்கள்.

கறுப்புத் திரை வரும். எல்லா உரிமையும் உள்ள ரூட் (root) என்ற பெயரில் உள்நுழையுங்கள், கடவுச்சொல் கிடையாது. இப்போது பேனா. எஸ், இ, டி, யு, பி, ஒரு சிறு கோடு, பிறகு ஏ, எல், பி, ஐ, என், இ (setup-alpine). எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. என்டர்.

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். விசைப்பலகை, பெயர், இணையம், கடவுச்சொல், நேரம். பெரும்பாலானவற்றுக்கு என்டர் தட்டினாலே போதும். அந்தப் பழக்கத்தில்தான் முதல்முறை நான் ஏமாந்தேன். எந்த வட்டு என்று கேட்கும்போது, அதுவாக வைத்திருக்கும் பதில் ‘நன்’, அதாவது எதுவும் வேண்டாம். அதற்கும் என்டர் தட்டிவிட்டு, எல்லாம் முடிந்ததென்று அணைத்தேன். மறுபடி திறந்தால் வெறும் வீடு. அவ்வளவு நேரமும் அது நினைவகத்திலேயே ஓடியிருக்கிறது! ஆகவே அந்த இடத்தில் எஸ்டிஏ (sda) என்றும், அடுத்த கேள்விக்கு சிஸ் (sys) என்றும் தட்டச்சு செய்யுங்கள். வட்டை அழிக்கட்டுமா என்று கேட்கும். எனக்கு இன்னமும் அங்கே கை ஒரு நொடி நிற்கும். ஆனால் அழியப்போவது 8 ஜிபி போலி வட்டுதான். ஒய் என்று அடியுங்கள்.

முடிந்ததும் பவர்ஆஃப் என்ற கட்டளையால் அணைத்து, இயந்திரத்தின் அமைப்புகளில் ஐஎஸ்ஓ கோப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழையபடி நிறுவல் வட்டிலிருந்தே கிளம்பலாம். படம், சுட்டி, பட்டன் எல்லாம் வேண்டுமென்பவர்கள் ஆல்பைனோடு மல்லுக்கு நிற்காமல் லுபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடுங்கள், 2 ஜிபியாவது ஒதுக்க வேண்டியிருக்கும். கட்டளை பழக இந்தக் கறுப்புத் திரைதான் நல்லது என்பது என் கட்சி.

அணைந்திருக்கும்போதே ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துவையுங்கள். வட்டை முழுதாக நகலெடுக்காது. இருப்பதை அப்படியே உறையவைத்து, இனிமேல் மாறுவதை மட்டும் வேறொரு கோப்பில் எழுதும். அதனால் நொடியில் முடியும்.

இப்போது இயக்கி, ரூட்டாக உள்ளே போய், அந்த பிஸிபாக்ஸை அழியுங்கள். இந்தச் சன்னலுக்குள் மட்டும்தான், தாயே தந்தையே! ஆர், எம், ஓர் இடைவெளி, சாய்கோடு, பி, ஐ, என், மறுபடி சாய்கோடு, பி, யு, எஸ், ஒய், பி, ஓ, எக்ஸ் (rm /bin/busybox). என்டர். பிறகு பட்டியல் காட்டும் எல், எஸ் கட்டளையைக் கேட்டுப் பாருங்கள். நாட் ஃபவுண்ட் என்கும். நகலெடுக்கும் கட்டளையும் அதே பதில்தான். அணைக்கலாம் என்றால், பவர்ஆஃபும் அதே கோப்புக்குள்தான் இருந்தது.

சன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைச் சொடுக்குங்கள். மின்சாரத்தை நிறுத்தவா என்ற கேள்விக்குக் கீழே, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு நிறுத்திவிட்டு, மறுபடி இயக்குங்கள். உங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு பழைய ஆல்பைன் அங்கேயே நிற்கும். வணக்கம்.