பாலத்தடியில் இறங்கிப் பார்த்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலைநாட்டில் எல்ல, தெமோதரை ஆகிய ஊர்களுக்கு இடையில், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். தேயிலைக் கொழுந்து லொறி தினமும் ஏறி இறங்கும் தோட்டத்துப் பாலத்தைக் குனிந்து பார்க்க எவரும் வருவதில்லை. விருந்தினர் வரும்போது அதன் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி.

வயதை மட்டும் வைத்துப் பாலத்தை மதிப்பிடக்கூடாது என்பது என் கருத்து. ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. துருப்பிடிக்க அதில் உருக்குச் சட்டங்கள் இல்லை. கம்பி கட்டிய கொங்கிரீட் பாலத்தின் நிலை வேறு. கொங்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பிக்குக் காவல். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துவிட்டால், மழை ஈரமும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துருவோ இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால், மேலிருக்கும் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும்.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதைப் போலச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால், பிளந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். கொங்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில் பினோப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது.

ஆனால் சிதைவை அளப்பது பாதி வேலைதான். எஞ்சியிருப்பது எவ்வளவு சுமக்கும் என்பதே அடுத்த கேள்வி. 16 மில்லிமீற்றர் கம்பி சுற்றிலும் தேய்ந்து 14 ஆகிவிட்டால், விட்டத்தில் இரண்டே மில்லிமீற்றர் போனதாகத் தோன்றும். உண்மையில் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 23 வீதம் போய்விட்டது. அதனால் கணக்கிட்ட பிறகு, எடை தெரிந்த லொறியைப் பாலத்தின் மேல் நிறுத்தி, பாலம் எவ்வளவு தாழ்கிறது என்றும், லொறி இறங்கியதும் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறதா என்றும் அளப்பது உண்டு.

நம் ஆறுகளில் நான் அதிகம் அஞ்சுவது தூணின் அடியைத்தான். 1987இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், வெள்ளம் அடித்தள மண்ணை அரித்ததால் ஸ்கோஹரி ஓடைப் பாலம் இடிந்து பத்துப் பேர் இறந்தனர். வெள்ளம் தோண்டிய குழியை, வடியும் நீர் கொண்டுவரும் வண்டலே மூடிவிடுவதால், மறுநாள் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தூணடியில் ஒரு கம்பியை ஊன்றிப் பார்க்க வேண்டும். இறுகிய தரையில் நிற்க வேண்டிய கம்பி, புதிதாகப் படிந்த வண்டலில் கைப்பலத்துக்கே இறங்கிக்கொண்டு போகும்.